கட்-ஆஃப் அதேதான், ரேங்க் ஏன் மாறியது?

பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த ஒரு நாள் மதியம், உசிலம்பட்டிப் பக்கத்தில் நான் கணக்கு நடத்தும் அரசு மேல்நிலைப் பள்ளிக்கு ஒரு அம்மா வந்தார். விடியலில் பூ எடுத்து, மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் போட்டுவிட்டு, அங்கிருந்தே பஸ் ஏறி வந்திருந்தார். கையில் மகளின் மதிப்பெண் பட்டியல் நகல்.

"போன வருசம் எங் கொழுந்தன் மகன் இதே நூத்தி எழுபத்தெட்டுக்குத்தான டீச்சர் அந்தக் காலேஜ்ல சேந்தான்? எம் மகளும் அதே நூத்தி எழுபத்தெட்டு. அதே சாதி, அதே படிப்பு. இவளுக்கு மட்டும் இல்லைங்குறாங்க. எவனும் ஏமாத்திட்டானா?"

"மார்கழி, தையில ஒரு கிலோ மல்லி என்ன வெலைக்குப் போகுதுக்கா?" என்று கேட்டேன்.

"ரெண்டாயிரம், மூவாயிரம்னு போகும்."

"சித்திரையில?"

"முந்நூறு போனாலே பெருசு. செல நாளு பறிகூலிக்கே கட்டாது."

"பூ அதே பூதான? எடையும் அதே ஒரு கிலோதான?"

"வரத்து கூடிருதுல்ல டீச்சர்..." என்று தொடங்கியவர் பாதியில் நிறுத்தி மகளைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. ஏமாற்றம் நீங்கவில்லை. ஆனால் யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகம் போய்விட்டது. அன்று அவரிடம் கால் மணி நேரத்தில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். வீட்டில் பத்தாவதோ, +1-ஓ, +2-வோ படிக்கும் பிள்ளை இருந்தால் இது உங்களுக்கானது.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம். மார்க் என்பது விடைத்தாளில் பிள்ளை வாங்கியது. கட்-ஆஃப் என்பது அந்த மார்க்கில் சிலவற்றை மட்டும் எடுத்து, ஒரு விதிப்படி கூட்டி வரும் எண். ரேங்க் என்பது அந்த எண்ணை வைத்து எல்லோரையும் நிறுத்தும் வரிசையில் பிள்ளை நிற்கும் இடம். மார்க் உங்கள் பிள்ளைக்குச் சொந்தம். ரேங்க் அப்படியில்லை. பக்கத்து ஊர்ப் பிள்ளையும், கோயம்புத்தூர்ப் பிள்ளையும், யாரை எப்படி எண்ணுவது என்று சென்னையில் எழுதப்பட்ட விதியும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன.

தமிழ்நாட்டில் பொறியியலுக்குக் கட்-ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மார்க் 100-ம் முழுதாக வரும். இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. தமிழ், ஆங்கில மார்க் இந்தக் கணக்கில் சேராது. 600-க்கு எவ்வளவு என்று ஊரெல்லாம் கேட்பார்கள். கலந்தாய்வு அதைக் கேட்பதில்லை.

ஒரே பெஞ்சில் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி கணிதம் 92, இயற்பியல் 88, வேதியியல் 94. இன்னொருத்தி 96, 84, 90. மூன்றையும் கூட்டினால் முதல் பிள்ளைக்கு 274, அடுத்தவளுக்கு 270. கட்-ஆஃப் போட்டுப் பாருங்கள்: 92, 44, 47 என்று முதல் பிள்ளைக்கு 183. 96, 42, 45 என்று அடுத்தவளுக்கும் 183. கட்-ஆஃப் சமமானால் யாரை முன்னால் நிறுத்துவது? கணிதத்தில் கூட வாங்கியவரை. அதுவும் சமமென்றால் இயற்பியல். அதற்குப் பிறகும் படிகள் உண்டு. பிறந்த தேதி வரை போகும், கடைசியில் கம்ப்யூட்டர் கொடுக்கும் ரேண்டம் எண் வரை போகும். ஆகவே நான்கு மார்க் குறைவாக வாங்கியவள் இங்கே முன்னால் நிற்கிறாள். இதில் யார் செய்த தவறும் இல்லை, விதி அப்படி. கால்நடை மருத்துவப் படிப்புக்கு விதி வேறு, அங்கே கணிதம் இருக்கும் இடத்தில் உயிரியல் இருக்கும். அங்கே போனால் இதே இருவரின் வரிசை தலைகீழாகவும் ஆகலாம்.

கட்-ஆஃப் என்ற சொல்லை நாம் இரண்டு பொருளில் புழங்குகிறோம், குழப்பத்தில் பாதி அங்கே பிறக்கிறது. "என் கட்-ஆஃப் 183" என்று பிள்ளை சொல்வது மேலே போட்ட கணக்கு. "அந்தக் காலேஜ் கட்-ஆஃப் 190" என்று மாமா சொல்வது, போன ஆண்டு அந்தக் கல்லூரியில் அந்தப் பாடப்பிரிவில் அந்த இட ஒதுக்கீட்டுப் பிரிவில் கடைசியாகச் சேர்ந்தவரின் எண். கல்லூரி அதை முன்கூட்டி நிர்ணயிப்பதில்லை. திருப்பரங்குன்றத்தில் இருக்கும் தியாகராசர் பொறியியல் கல்லூரியோ கீழக்குயில்குடியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழக மண்டல வளாகமோ "190-க்கு மேல் வா" என்று கதவில் எழுதிவைப்பதில்லை. வரிசை நகர்ந்து, இடம் தீர்ந்த பிறகுதான் அந்த எண் என்னவென்றே தெரியும். பூ மார்க்கெட் கலைந்த பிறகு அன்றைய விலை என்னவாக இருந்தது என்று சொல்வது போலத்தான். போன ஆண்டுக் கட்-ஆஃபைப் பார்த்து இந்த ஆண்டு நம்பிக்கை வைப்பதும் மனம் உடைவதும் இதனால்தான் நடக்கிறது.

"ரேங்கே ஒழிச்சிட்டாங்கன்னு சொன்னாங்களே" என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். 2017-ல் ஒழிக்கப்பட்டது வேறு. பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று பெயர் அறிவிக்கும் வழக்கத்தைத்தான் அந்த ஆண்டு நிறுத்தினார்கள். நல்ல காரியம் என்பேன், அந்த நாளில் ஒரு பிள்ளைக்கு மாலை விழ, ஒரு மார்க்கில் தவறிய பிள்ளை வீட்டில் கதவடைத்துக் கிடந்ததை நேரில் பார்த்தவள் நான். கல்லூரிச் சேர்க்கைக்கான தரவரிசைப் பட்டியல் ஒரு நாளும் ஒழிக்கப்படவில்லை.

இனி மாற்றங்களுக்கு வருவோம். பிள்ளையின் மார்க் அப்படியே இருக்க ரேங்க் நகர வேண்டுமென்றால் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும். எதை எண்ணுவது, எப்படி மாற்றிப் போடுவது, வரிசையில் யார் நிற்பது, எத்தனை இடம். கடைசி ஒன்று எளிது. புதிதாகக் கம்ப்யூட்டர் பிரிவுகளில் இடம் கூடினால் கடைசி எண் இறங்கும், கல்லூரி மூடினால் ஏறும். மற்ற மூன்றும்தான் வீடுகளை உலுக்குபவை.

எதை எண்ணுவது என்பதில் நடந்த மாற்றங்களை என் உடம்பே அறியும்.

நான் +2 படித்தது 2005-06. அப்போது பொறியியலுக்கும் மருத்துவத்துக்கும் மாநில நுழைவுத்தேர்வு இருந்தது, 1984-ல் தொடங்கியது. +2 மார்க்கிலிருந்து 200, நுழைவுத்தேர்விலிருந்து 100, ஆக 300-க்கு ரேங்க். மதுரைக்குப் போய் கோச்சிங் படிக்க எங்கள் வீட்டில் வசதியில்லை. பக்கத்துத் தெரு அண்ணன் ஒருவர் தன் பழைய கைடுகளைக் கொடுத்திருந்தார், அதை வைத்துத்தான் இரவில் படிப்பேன். 2005-லேயே நுழைவுத்தேர்வு ரத்து என்று அரசாணை வந்து, நீதிமன்றத்தில் நிற்காமல் போயிருந்தது. 2006 தொடக்கத்தில் ரத்து செய்து சட்டமே வந்தது. அப்பா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்தார். நான் கைடுகளைக் கட்டி அண்ணனிடம் திருப்பிக் கொடுத்தேன், பொதுத்தேர்வுக்கு மட்டும் படித்தால் போதுமே என்று. சில வாரங்களில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. நுழைவுத்தேர்வு மறுபடி உண்டு. அண்ணன் வீட்டுக்கு ஓடினேன். புத்தகங்களைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டிருந்தார். பொதுத்தேர்வு வாசலில் நிற்கிறது, கையில் கைடு இல்லை. எழுதினேன், எப்படி எழுதினேன் என்று கேட்க வேண்டாம். பிறகு மதுரையில் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்து, பி.எட். முடித்து இந்த வேலைக்கு வந்தேன். வேலை எனக்கு உயிர். ஆனாலும் கட்டிக் கொடுத்த அந்தப் புத்தகக் கட்டு இன்னும் கண்ணில் நிற்கிறது.

அடுத்து, பேராசிரியர் மு. ஆனந்தகிருஷ்ணன் தலைமையில் ஒரு குழு அமைந்தது. அது பரிந்துரைத்தபடி இன்னொரு சட்டம் நிறைவேறி, குடியரசுத் தலைவர் ஒப்புதல் 2007 மார்ச்சில் வந்தது. அந்த ஆண்டு முதல் பொறியியலுக்கு நுழைவுத்தேர்வு இல்லை, இன்றுவரை +2 மார்க்தான். ஊர்ப்புறப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய மாற்றம் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒன்றைக் கவனியுங்கள். 2007-ல் எழுதிய பிள்ளைகளுக்கும் மார்ச் மாதம்தான் உறுதியாகத் தெரிந்தது. நல்ல மாற்றமாகவே இருந்தாலும், அது எந்த மாதம் வருகிறது என்பது பிள்ளையின் ஓராண்டை ஆட்டிவிடும்.

மருத்துவத்தில் இது இன்னும் கொடுமையாக நடந்தது. நீட் 2016-ல் வந்தபோது மாநில இடங்களுக்கு ஓராண்டு விலக்கு கிடைத்தது. 2017-லும் விலக்கு வரும் என்று காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 22 அன்றுதான் உச்ச நீதிமன்றம் நீட் அடிப்படையிலேயே கலந்தாய்வு நடத்தச் சொன்னது. +2 முடித்து ஐந்து மாதம் கழித்து! அதுவரை உயிரியல் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200-க்குக் கணக்குப் போட்டு, மதுரை மருத்துவக் கல்லூரி கிடைத்துவிடும் என்று வீட்டில் இனிப்புக் கொடுத்த பிள்ளைகள் இந்த வட்டாரத்திலேயே இருந்தார்கள். அவர்கள் மார்க்கில் ஒன்றுகூடக் குறையவில்லை. அதை எண்ணுவதைத்தான் நிறுத்தினார்கள்.

+1 பொதுத்தேர்வுக் கதையும் இதே வகைதான். 2017-18-ல் +1-க்கும் பொதுத்தேர்வு வந்தது. மறு ஆண்டு +2 மொத்தம் 1200-லிருந்து 600 ஆனது. இரண்டாண்டு மார்க்கும் சேர்ந்து கல்லூரிக்குக் கணக்கில் வரும் என்றுதான் முதலில் சொல்லியிருந்தார்கள். 2018 செப்டம்பரில், +2 மார்க் மட்டுமே போதும் என்று அரசு அறிவித்தது. அறிவிப்பு வந்த மறுநாள் நான் வகுப்புக்குள் போனபோது கடைசி பெஞ்சில் ஒரே கொண்டாட்டம், அங்கே +1-ல் கோட்டை விட்டவர்கள். முதல் பெஞ்சில் ஒரு பிள்ளை மட்டும் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்த வருடத்தில் ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து படித்து அந்த +1 மார்க்கை வாங்கியிருந்தாள். "இனி அது எதுக்கும் இல்லையா டீச்சர்?" என்றாள். அந்த முடிவு பொதுவாகப் பார்த்தால் சரியானதே, பதினாறு வயதில் சறுக்கியவனுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்க வேண்டும்தான். அவளுக்கு நான் என்ன சொல்லியிருக்க முடியும்?

2025-26 முதல் +1 பொதுத்தேர்வே கிடையாது. இதைக் கேட்டுவிட்டு +1 பாடத்தை விட்டுவிடும் பிள்ளைகளைப் பார்க்கும்போது வயிற்றைக் கலக்குகிறது. நீட், ஐஐடி போன்றவற்றுக்கான ஜேஇஇ, இரண்டிலும் கேள்விகள் +1, +2 இரண்டு ஆண்டுப் பாடத்திலிருந்தும் வரும். +2 வகைநுண்கணிதமும் +1-ல் போட்ட அடித்தளத்தின் மேல்தான் நிற்கிறது. தேர்வுதான் போயிருக்கிறது, பாடம் போகவில்லை.

அந்த 600 மாற்றத்துக்குள் யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது. கணக்கு டீச்சர் என்பதால் எனக்கு அது உடனே கண்ணில் பட்டது. முன்பு ஒவ்வொரு பாடமும் 200-க்கு. கணித மார்க்கைப் பாதியாக்கி 100-க்கும், மற்ற இரண்டையும் நாலில் ஒன்றாக்கி 50-க்கும் கொண்டுவருவார்கள். ஆகவே கட்-ஆஃப் கால் காலாக ஏறும்: 190, 190.25, 190.5, 190.75. இப்போது பாடம் 100-க்கு. இயற்பியலில் ஒரு மார்க் என்றால் கட்-ஆஃபில் அரை. ஆகவே 190, 190.5, 191 என்று அரை அரையாகத்தான் ஏறும். 190-லிருந்து 200 வரை முன்பு 41 படி இருந்தது, இப்போது 21. நிற்பவர்கள் எண்ணிக்கை குறையாமல் படி மட்டும் பாதியானால் ஒவ்வொரு படியிலும் நெரிசல். ஒரே கட்-ஆஃபில் நிற்பவர்கள் கூடுகிறார்கள், அவர்களுக்குள் முன்பின் பார்க்கும் விதிகளுக்கு வேலை கூடுகிறது. முன்பு 200-க்கு எழுதியபோது கணிதத்தில் ஒரு மார்க் போனால் கட்-ஆஃபில் அரை போகும். இப்போது ஒன்று முழுதாகப் போகும், அந்த ஒரு புள்ளி இரண்டு படி, அந்தப் படிகளில் நிற்கும் அத்தனை பேரும் உங்களைத் தாண்டுகிறார்கள். கழித்தல் குறியை விட்டுவிட்டு வரும் பிள்ளைகளிடம் நான் ஏன் இத்தனை கடுமையாக இருக்கிறேன் என்று கேட்கும் பெற்றோருக்கு இதுதான் பதில்.

இரண்டாவது வகை, மாற்றிப் போடுவது. மாநிலப் பாடத்திட்டம், சிபிஎஸ்இ என்று வெவ்வேறு தேர்வு எழுதியவர்களை ஒரே வரிசையில் எப்படி நிறுத்துவது? நுழைவுத்தேர்வை நீக்கிய அதே சட்டம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. ஒரு பாடத்தில் மாநில வாரியத்தின் அதிகபட்ச மார்க் 100, இன்னொரு வாரியத்தில் அதிகபட்சமே 90 என்றால், அந்த 90-ஐ 100-க்குச் சமமாக வைப்பார்கள். அங்கே 60 வாங்கிய பிள்ளைக்கு 60-ஐ 100-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்து 66.66 என்று ஆகும். இதைத்தான் சமன்படுத்துதல் என்கிறார்கள். சிபிஎஸ்இ பிள்ளைக்குச் சும்மா ஆறு மார்க் கொடுத்துவிட்டார்கள் என்று கோபப்படுபவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் யாராவது 100 வாங்கிவிட்டால் பெருக்கி வகுத்தாலும் அதே மார்க்தான் வரும் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள். இரு வாரிய உச்சமும் விலகும் ஆண்டில்தான் இது பேசும்.

ஜேஇஇ மெயினில் பல வேளைகளாகத் தேர்வு நடப்பதால் மார்க்கையே பெரிதாக எடுப்பதில்லை, பர்சன்டைல் போடுகிறார்கள். உங்கள் வேளையில் எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் உங்கள் மார்க்கிலோ அதற்குக் கீழோ இருக்கிறார்கள் என்பதே அது. பர்சன்டைல் 90 என்றால் 90 மார்க் என்று பொருளில்லை. இதை மட்டும் புரிந்துகொண்டால் பாதி வீடுகளில் சண்டை ஓயும். அதே ஜேஇஇ-யில் 2013 முதல் 2016 வரை +2 மார்க்குக்கு 40 விழுக்காடு பங்கு இருந்ததும், 2017-ல் அது எடுக்கப்பட்டதும் எதை எண்ணுவது என்ற பழைய கதைதான்.

மார்க்குக்கும் ரேங்குக்கும் உள்ள தூரத்தை நீட் போல வேறெதுவும் காட்டியதில்லை. 2024-ல் முதலில் வந்த முடிவில் 67 பேர் 720-க்கு 720. கருணை மதிப்பெண்ணும் ஒரு இயற்பியல் கேள்வியின் விடையும் சர்ச்சையாகி, திருத்தி வெளியிட்டபோது அது 17 ஆனது. 2025-ல் வினாத்தாள் கடினம், 686 வாங்கியவர் நாட்டிலேயே முதலிடம். முந்தைய ஆண்டில் அதே 686-க்கு முன்னால் ஆயிரக்கணக்கானோர் நின்றார்கள். 2025 முடிவு வந்த அன்று எங்கள் பழைய மாணவன் ஒருவன், எதிர்பார்த்ததைவிட மார்க் நூற்றுக்கு மேல் குறைந்துவிட்டதென்று சாப்பிடாமல் கிடந்தான். அவன் அம்மா போனில் அழுதார். "மார்க்கை விடுங்கக்கா, ரேங்க் எவ்வளவு போட்டிருக்குன்னு பாருங்க" என்றேன். அவன் நினைத்திருந்ததைவிட முன்னால்தான் நின்றான்.

மாற்றங்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தலைமுறை மேல் விழுந்தது 2021-ல். கொரோனாவால் +2 தேர்வு நடக்கவில்லை. பத்தாவதில் அதிக மார்க் வாங்கிய மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50 விழுக்காடு, +1-லிருந்து 20, +2 செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என்று சேர்த்து மார்க் போட்டார்கள். அந்த நெருக்கடியில் வேறு வழியும் பெரிதாக இல்லை. ஆனால் பத்தாவதில் விளையாட்டுத்தனமாக இருந்து +2-வில் கண் விழித்த பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். கிராமங்களில் அப்படிக் கண் விழிக்கும் பையன்கள்தான் அதிகம். 2019-ல் எழுதிய பத்தாவதுத் தாள் 2021-ல் தங்கள் கல்லூரியைத் தீர்மானிக்கும் என்று அவர்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? அதே ஆண்டு பத்தாவதில் இருந்தவர்களுக்கோ மார்க்கே இல்லை, தேர்ச்சி என்று மட்டும் சான்றிதழ்.

மூன்றாவது, வரிசையில் யார் நிற்பது. நாம் ஒரே வரிசை என்று பேசினாலும் பொது ரேங்க் ஒன்று, சமூக ரேங்க் ஒன்று என்று இரண்டு எண் பிள்ளைக்கு வரும். பொதுப்பிரிவுக்கு 31 விழுக்காடு போக மீதி 69-ல் பிற்படுத்தப்பட்டோர் 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகப் பிற்படுத்தப்பட்டோரும் சீர்மரபினரும் 20, பட்டியல் சாதியினர் 15, அருந்ததியர் 3, பழங்குடியினர் 1. பொது இடம் முடிந்தால் தன் பிரிவின் வரிசையில் பிள்ளை நிற்கும். ஆகவே பிரிவைத் தொட்டால் ரேங்க் நகரும். 2021 பிப்ரவரியில் மிகப் பிற்படுத்தப்பட்டோரின் அந்த 20 விழுக்காட்டை வன்னியருக்கு 10.5, சீர்மரபினருக்கும் வேறு சில சாதிகளுக்கும் 7, மீதிப் பேருக்கு 2.5 என்று பிரித்துச் சட்டம் வந்தது. நவம்பர் 1 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அது செல்லாது என்றது, 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. சீர்மரபினர் நிறைய வாழும் எங்கள் பக்கத்தில் அந்த ஓராண்டும் டீக்கடை முதல் ஸ்டாஃப் ரூம் வரை இதே பேச்சு. அரசியலை விட்டுவிடுகிறேன். எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதே தெரியாமல், வேண்டிய கல்லூரிகளை வரிசையாக எழுதும் விருப்பப் பட்டியலை நிரப்பும் பிள்ளையின் நிலைமையை மட்டும் சொல்கிறேன்.

எல்லா மாற்றமும் கீழே தள்ளுவதில்லை. 2020-ல் நீட் எழுதிய அரசுப் பள்ளிப் பிள்ளைகள் செப்டம்பரில் தேர்வறையை விட்டு வந்தபோது, மருத்துவத்தில் தங்களுக்கென்று தனி இடம் கிடைக்கும் என்பது உறுதியாகவில்லை. அக்டோபர் கடைசியில்தான் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் என்று விரிந்தது. இந்த இடங்களுக்குத் தனி வரிசை, கல்விக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாவது வரை தனியார் பள்ளியில் படிக்க வைத்துவிட்டு, இந்த ஒதுக்கீட்டை நம்பி +1-ல் எங்களிடம் கொண்டுவந்து சேர்க்கும் பெற்றோர் ஒவ்வோர் ஜூனிலும் வருகிறார்கள். இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. அரசு உதவிபெறும் பள்ளியும் இதில் சேராது, பலருக்கு இது தெரியாது. எங்கள் வட்டாரத்தில் அரசே நடத்தும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் சேரும். மாநகராட்சிப் பள்ளியும் ஆதிதிராவிடர் நலப் பள்ளியும் சேரும்.

இத்தனையையும் பார்த்தபின் என் மனதில் நிற்பது ஒன்றுதான். பிள்ளை பிரிவைத் தேர்ந்தெடுப்பது +1 சேரும் ஜூன் மாதத்தில். கணிதமா, உயிரியலா, வணிகவியலா என்று அன்றே ஒரு கதவு திறந்து மற்றவை மூடுகின்றன. விதி அதற்குப் பிறகு இரண்டாண்டுக்குள் எப்போது வேண்டுமானாலும் மாறுகிறது. பணம் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு மறுபடி படிக்க வழியிருக்கிறது. பூப் பறித்துப் பிழைக்கும் வீட்டில் அந்த ஓராண்டு கிடையாது. சேர்க்கை விதி எதுவானாலும், +1-க்குள் நுழையும் தொகுதிக்குச் சொல்லிவிட்டு அந்தத் தொகுதி +2 முடிக்கும்போதுதான் நடைமுறைக்கு வர வேண்டும் என்று நான் கேட்கிறேன். விதி நல்லதா கெட்டதா என்பதை அடுத்துப் பேசலாம்.

அது வரும்வரை நம்மால் ஆனது கொஞ்சம் உண்டு. மாற்றம் என்று வாட்ஸ்அப்பில் ஏதாவது வந்தால், எந்தக் கல்வியாண்டு முதல் என்று முதலில் தேடுங்கள். அறிவிப்பா, ஆணையா, சட்டமா, நீதிமன்றத்தில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள், என் வீட்டில் தேங்காய் உடைத்தது அதைப் பார்க்காமல்தான். இன்று எது விதியோ அதற்கே படிக்க வேண்டும். நீட் விலக்குக்காகச் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதை 2025 ஏப்ரலில் முதலமைச்சரே அவையில் சொன்னார். போராட வேண்டியவர்கள் போராடட்டும், மருத்துவம் வேண்டுமென்ற பிள்ளை அதுவரை படித்துக்கொண்டே இருக்கட்டும். போன ஆண்டு யாருக்கு எந்தக் கல்லூரி கிடைத்தது என்ற பட்டியலைப் பார்க்கும்போது கட்-ஆஃபை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் ரேங்கைப் பாருங்கள். விலை நாளுக்கு நாள் மாறும், வரிசையில் எத்தனையாவது ஆள் வரை உள்ளே போனார் என்பது அவ்வளவாக மாறாது. விருப்பப் பட்டியலில் ஐந்து கல்லூரியோடு நிறுத்தாதீர்கள். 2018 முதல் ஆன்லைனில்தான் எல்லாம். ஊரே புறப்பட்டுச் சென்னை கிண்டியில் இருக்கும் அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதில்லை, எத்தனை வேண்டுமானாலும் நிரப்பலாம். கீழே எழுதியதால் மேலே எழுதியது பறிபோகாது.

அந்த அம்மாவின் மகளுக்கு அடுத்த சுற்றில் வேறொரு கல்லூரியில், கேட்ட பிரிவே கிடைத்தது. சேர்த்துவிட்ட மறுநாள் முழம் பூவோடு சொல்ல வந்தார். புறப்படும்போது வாசலில் நின்று, "சின்னவன் அஞ்சாவது படிக்கிறான் டீச்சர். ஆறாவதுக்கு அந்தப் பக்கம் இங்கிலீஸ் பள்ளிக்கூடத்துல கேட்டு வச்சிருக்கோம். இந்தத் தை மாசப் பூவுல பணம் கட்டிரலாம்னு..." என்றார்.

"இப்ப எங்க படிக்கிறான்க்கா?"

"நம்ம ஊரு கள்ளர் பள்ளிக்கூடத்துலதான்."

அவரை மறுபடி உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தேன். ஏழரை விழுக்காடு ஆறாவதிலிருந்து எண்ணப்படுவதைச் சொன்னேன். அரசுப் பள்ளியிலும் ஆங்கிலவழி இருப்பதைச் சொன்னேன். அவன் +2 எழுதுவதற்குள் இந்த விதி மாறவும் கூடும் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அவர் விரலை மடக்கி ஆறு, ஏழு, எட்டு என்று பன்னிரண்டு வரை எண்ணினார்.

"அட்வான்ஸ் ஐயாயிரம் குடுத்திருக்கு. இன்னைக்கே போயிக் கேட்டா திருப்பித் தருவாங்களா டீச்சர்?" என்றார். கேட்டுப் பாருங்கள் என்று, இரண்டு மணி பஸ்ஸுக்கு அனுப்பி வைத்தேன்.